எண்கு உலவும் நெய்தல்

அந்தக் காட்டில் கரடி கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். யானை உண்டு என்பதை மறைக்க முடியவில்லை. சிறுத்தையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கரடியைப் பற்றி மட்டும் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இல்லை என்றேன். இருபது ஆண்டுகளாக வகுப்பில் வாய்மை அதிகாரம் நடத்துகிறவனுக்குப் பெற்ற தாயிடம் பொய் சொல்வது இத்தனை எளிதாக இருந்தது எனக்கே வியப்புத்தான். தீங்கில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவர் விட்டுவைத்த சந்து ஒன்று உண்டல்லவா? தமிழாசிரியர்கள் பலரும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம்.

காடு எது என்று சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலையும் பாணமையையும் தாண்டித் தெற்கே போனால் உகந்தைமலை முருகன் கோவில் வரும். கடலை ஒட்டிய பாறைகள், அவற்றின் அருகே கோவில், அதற்கப்பால் காடு. அங்கிருந்து குமண, யால என்னும் இரண்டு வனப் பூங்காக்களின் ஊடே கதிர்காமத்துக்கு ஒரு நடைபாதை போகிறது. தூரம் எண்பது கிலோமீட்டர் என்பார் சிலர், நூறு என்பார் சிலர். சாமிமார் நடக்கும் வழிக்கு மைல்கல் இல்லை. நான்கைந்து நாள் நடை. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகவே ஒன்றரை மாதம் நடந்து வந்து இந்தக் காட்டுக்குள் நுழைகிறவர்களும் உண்டு. எண்பதுகளில் போர் மூண்டபோது அந்த நடை அறுபட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே சிலர் துணிந்து மறுபடி தொடங்கினார்கள். 2009க்குப் பிறகு கூட்டம் பெருகி, இப்போது காட்டுப்பாதையில் மட்டும் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள்.

நான் திட்டமிட்டிருப்பது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகக் காரைக்குடிக்கு வந்து எங்கள் மானகிரி வீட்டில் இரண்டு நாள் தங்கிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் திருக்கோவில்காரர். ஆண்டுதோறும் அந்தக் காட்டை நடந்து கடக்கிறவர். ‘மலையேத்தம் ஒண்டும் இல்ல சேர், எல்லாம் சமதரை. லேசான நடை’ என்று அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை ஆறு வருடமாக உடன் இருக்கிறது. இடது முழங்காலில் ஒரு முணுமுணுப்பு. லேசான நடை என்ற சொல் இந்த வயதில் ஒரு வரம்.

ஆனால் லேசு என்பதற்காகப் போகவில்லை. போக வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது.

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு வட்டிக்கடையில் சமையல்காரர். மண்டபத்தில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி ரயில் பிடித்துப் போன தலைமுறை. அம்மாவுக்கு இரண்டு வயதில் விஷக்காய்ச்சல் கண்டு, பிழைப்பது அரிது என்று ஊரிலிருந்து கடிதம் போயிருக்கிறது. கடிதம் போய்ச் சேர்வதற்கே ஒரு வாரம். பிள்ளை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத நிலையில், உலையடியில் நின்றுகொண்டே, ‘பிழைத்தால் கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடந்து வருகிறேன்’ என்று நேர்ந்துகொண்டாராம். அம்மா பிழைத்தாள். தாத்தா நடக்கவில்லை. கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை, பிறகு கையில் காசில்லை, பிறகு 1958 வந்தது. கலவரம் நடந்த அந்த ஆண்டில் ஊர் திரும்பியவர் மறுபடி கடல் தாண்டவில்லை.

தாத்தா தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்வாள்: ஆண்டுதோறும் ஆடிவேலுக்குப் பின்னால் நடந்தேனே, அது போதாதா? இதில் ஒரு வரலாறு இருக்கிறது. கதிர்காமத்தில் கூடும் கூட்டத்தில் காலரா பரவுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. காட்டுக்குப் போக முடியாத கொழும்பு நகரத்தார் செட்டியார் தெருவிலிருந்து வேலைத் தேரில் வைத்துப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் கொண்டுபோகும் ஆடிவேல் விழாவை வளர்த்தெடுத்தார்கள். காட்டு யாத்திரை தெரு ஊர்வலமாயிற்று. தாத்தா நடந்தது அந்தத் தெருவில். தார்ச் சாலை, இரு பக்கமும் பந்தல், பானகம். நேர்ந்துகொண்டதோ காடு. அம்மாவின் கணக்கில் அது தீராத கடன். அவள் உயிருக்கு எழுதிய பத்திரம் இன்னும் மீட்கப்படாமல் கிடக்கிறது. தாத்தா கொண்டுவந்த இலங்கைக் காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள். எழுபத்தேழு வயதில் அவளால் கூடத்தைக் கடப்பதே யாத்திரை. ஆகவே நான் போக வேண்டும் என்பதும் அவள் விருப்பம். நான் போகக்கூடாது என்பதும் அவள் விருப்பம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கரடி வந்து உட்கார்ந்துகொண்டது.

திட்டமிடுவது என்று இறங்கியதும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கரடியுள்ள காட்டில் நடப்பது எப்படி என்று இணையத்தில் தேடினேன். வந்ததெல்லாம் அலாஸ்கா, யெல்லோஸ்டோன், கனடாவின் மேற்குக் கரை. முதுகுப்பையில் மணி கட்டிக்கொள். மிளகாய்த் தெளிப்பானை இடுப்பில் வைத்திரு. உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டி, கூடாரத்துக்கு நூறடி தள்ளி வை. பழுப்புக் கரடி தாக்கினால் செத்தவன்போல் கிட, கருங்கரடி தாக்கினால் திருப்பி அடி. படித்து முடித்ததும் பெரிய ஆய்வாளனாகிவிட்ட நிறைவோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: நம் கரடியும் கருப்புத்தான், ஆனால் அவர்கள் சொல்லும் கருங்கரடி அன்று. அந்நிய நாட்டுக் கோட்பாட்டைச் சங்கப் பாட்டின்மேல் அப்படியே போர்த்தும் ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்திச் சலித்தவன் நான். அதே பிழையைக் கரடியில் செய்திருந்தேன்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது கரையானும் பழமும் தேனும் தின்று வாழும் கரடி. மேல்வாயின் முன்பற்களில் இரண்டு அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகப் புற்றுக்குள்ளிருக்கும் கரையானை உறிஞ்சி இழுக்கும். அந்த ஓசை காட்டில் வெகுதூரம் கேட்கும் என்கிறார்கள். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். மனிதனைத் தின்ன வருவதில்லை, நம் சோற்று மூட்டையைத் தேடி வருவதும் அரிது. ஆனால் கண்பார்வை மங்கல். புற்றுக்குள் தலையை நுழைத்து உறிஞ்சும்போது காதிலும் எதுவும் விழாது. நாம் பேசாமல் கொள்ளாமல் அருகில் போய் நின்றுவிட்டால் திடுக்கிட்டு எழும். அந்தத் திடுக்கிடல்தான் ஆபத்து. மற்ற விலங்குகள் ஓடிப்போகும் இடத்தில் இது பாய்கிறது. புலியோடும் சிறுத்தையோடும் காலங்காலமாக வாழ்ந்து, ஓடுவதைவிட எதிர்ப்பதே பிழைக்கும் வழி என்று கற்றுக்கொண்ட இனம். முகத்தைத்தான் குறிவைக்கும். எனவே, ஓடாதே, எதிர்த்து அடிக்காதே. தாக்குதல் தவிர்க்க முடியாதது என்றானால் குப்புறப் படுத்து முகத்தை மண்ணில் மறைத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள் என்பது இந்த இனத்தை ஆராய்ந்தவர்கள் தரும் அறிவுரை. கூட்டமாகப் போ, உரக்கப் பேசு, இருட்டில் நடக்காதே, புதரையும் புற்றையும் பழுத்த மரத்தையும் விட்டு விலகிப் போ. மொத்தமும் இவ்வளவே.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கோ படித்ததுபோல் இருந்தது. மலைபடுகடாம். பத்துப்பாட்டின் பத்தாவது, பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. நன்னனிடம் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டு. அதை நான் எப்போதும் இயற்கை வருணனை என்றே நடத்தியிருக்கிறேன். இப்போது ஒரு நடைப்பயணி அதை எடுத்துப் பார்த்தால் கை நடுங்கும். முழுக்க முழுக்கப் பாதுகாப்புக் குறிப்பு. பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், ஆகவே இரவில் போகாமல் விடிந்த பிறகு போங்கள். பாம்பு கிடக்கும் பொந்துகளைக் கவனித்து நடங்கள். தினைப்புனம் காப்பவன் யானையை விரட்டக் கவண்கல் எறிவான், அதற்கு ஒதுங்குங்கள். நீர் ஓரத்தில் வழுக்கும், பற்றிக்கொண்டு போங்கள். பொழுது சாய்ந்தால் குகையில் தங்குங்கள். இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. இதில் மாற்ற வேண்டிய வரி ஒன்றும் இல்லை. ஆற்றுப்படை என்றால் பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதவைத்தேனே தவிர, போய் வந்தவன் சொல்கிறான் என்பதை நான் கவனித்ததில்லை.

போய் வந்தவர் எனக்கும் ஒருவர் இருந்தார். அவரிடம் திரும்புவதற்குள் கோடியக்கரைக்கு ஒத்திகை போய் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். குன்றக்குடிக்கு விடிகாலையில் நடந்து திரும்புவதைப் பழக்கமாக்கியிருந்தேன். தைமாதப் பழனிப் பாதயாத்திரையும் நடந்தவன்தான். ஆனால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் அந்த வழியில் பத்தடிக்கு ஒருவர் மோரும் சுக்குக் காப்பியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். காட்டு நடைக்கு அது பழக்கமாகாது. எனவே எங்கள் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் போய், கோடியக்கரைக் காட்டில் ஒரு பகல் முழுக்க நடந்தேன். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். வெளிமான், மட்டக் குதிரை, நரி உண்டு, கரடி இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகளை அங்கங்கே கண்டோம்.

நடுவழியில் நண்பர் ஒரு மரத்தின் அடியில் நின்றார். கருத்த தடித்த பட்டை, அடர்ந்த சிறிய இலை. ‘இதுதான் சார் இங்கே பாலை. உலக்கைப்பாலைன்னும் சொல்வாங்க. காட்டுல பெரும்பகுதி இதுதான்.’ என்னுள் இருந்த தமிழாசிரியன் விழித்துக்கொண்டு, ஐந்திணையில் வரும் பாலையா என்றேன். அது வெட்பாலை என்பார்கள், வேறு இனம் என்றார் அவர். நல்லவேளை, வகுப்பில் எங்கும் உளறியிருக்கவில்லை. கோடையில் மஞ்சளாகச் சிறிய பழம் பழுக்குமாம். ஊர்க்காரர்கள் பறித்து விற்பதுண்டு. பாலில் பிசைந்த வெல்லம்போல் இனிப்பு என்றார்.

அன்றிரவு திருக்கோவில் ஆசிரியரிடம் தொலைபேசியில் இதைப் பெருமையோடு சொன்னேன். மறுமுனையில் உற்சாகம். ‘எங்கட காட்டிலயும் அந்தப் பாலைதான் சேர். நாங்க நடக்கிற நேரம் பழம் கொட்டிக் கிடக்கும். கரடிக்கு அதெண்டா உசிரு. மரத்தில ஏறி இருந்து தின்னும்.’

ஆக, ஆனி கடைசியிலும் ஆடியிலும் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுக்கதவு திறக்கிறது. அதே பருவத்தில்தான் பாலை பழுக்கிறது. அதற்காகவே கரடி வருகிறது. பக்தர்களும் கரடியும் ஒரே நாள்காட்டியைப் பார்த்துப் புறப்படுகிறார்கள். கடலோசை கேட்கும் மணற்காட்டில், குறிஞ்சிக்கும் சுரத்துக்கும் உரிய எண்கு பாலைப்பழம் தின்றுகொண்டிருக்கிறது. கருப்பொருள் பட்டியல் கேட்டு வினா எடுக்கிறவர்களுக்கு இதை அனுப்பிவைக்கலாம். தொல்காப்பியர் திணை மயக்கத்துக்கு இடம் வைத்ததன் அருமை தெரியும். (எண்கு என்று நான் தட்டச்சுச் செய்யும்தோறும் கணினி அதை ‘எங்கு’ என்று திருத்துகிறது. கேள்வி நியாயமானதுதான். இருப்பைப் பூவைத் தின்னும் எண்கைச் சங்கப் பாட்டில் அடிக்கடி பார்க்கிறோம். எங்கள் பக்கத்து இலுப்பைக்குடியில் மரத்தின் பெயர் மட்டும் இருக்கிறது.)

என் குறிப்பேட்டில் கரடிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘கரடிக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க, தண்ணிக்கு ஒண்டும் யோசிக்கல்லையே சேர்’ என்றார். ஆடி வெயில், காட்டில் குளங்கள் வற்றும் காலம். பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்புகிறார்கள். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே நாம் சுமப்பதுதான் நமக்கு. மிஞ்சியிருக்கும் குளம் யானைக்கும் உரியது. அதன் கரையில் படுக்கக்கூடாது. கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது நேரமாகிவிட்டால் அக்கரையில் தங்க இடம் தேடக்கூடாது, இக்கரையிலேயே தங்கிவிட வேண்டும். கால் கொப்புளத்தை ஊசியால் குத்தக்கூடாது. சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நடப்பது பக்தி இல்லை, முட்டாள்தனம். கதவு எந்த நாளில் திறக்கிறது என்பதை மாவட்ட நிர்வாகமும் வனசீவராசிகள் திணைக்களமும் கோவில்காரர்களும் கூடிப் பேசி முடிவு செய்த பிறகே விமானச் சீட்டு எடுக்க வேண்டும். இவை எல்லாம் என் நான்கு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இரவுப் பேருந்தில் பொத்துவில் என்பதை மட்டும் சரியாக எழுதியிருந்தேன். கல்லூரியில் விடுப்புக் கேட்பதையும் எழுதியிருந்தேன். அதுதான் கரடியைவிட என்னைக் கலக்கிய இனம்.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து கதிர்காம யாத்திரையை மேற்பார்வையிட்டவர் லியோனார்ட் உல்ஃப். பிற்பாடு வர்ஜினியா உல்ஃபின் கணவர் என்று அறியப்பட்டவர். அந்தத் தென்கோடிக் காட்டிலுள்ள ஒரு சிற்றூரை வைத்து அவர் எழுதிய நாவல் 1913இல் வெளிவந்தது. அதில் மனிதர்களைப் பஞ்சமும் காய்ச்சலும் கடனும் ஒவ்வொருவராகக் கொண்டுபோகின்றன. விலங்கு கடைசியில்தான் வருகிறது.

அப்படியானால் கரடிக்கு ஒன்றுமே செய்வதில்லையா என்று கேட்டேன். ‘அரோகரா சொல்லுறம்தானே’ என்றார். பக்திப் பேச்சு என்று நினைத்தேன். அவர் விளக்கினார்: வளைவு வரும் இடத்தில், புதர் அடர்ந்த இடத்தில், முன்னே போகிறவர் ‘அரோகரா’ என்று குரல் கொடுப்பார், பின்னே வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வெயில் ஏறினால் குரல் தளரும். அப்போது ஒருவர் பாட்டுக் கட்டுவார். விடிந்து நிலம் தெரிந்த பிறகே நடை, பொழுது சாய்வதற்குள் தங்கல், தங்குமிடத்தில் இரவு முழுக்கத் தீ. பிந்தியவரைக் காத்திருந்து கூட்டிக்கொண்டுதான் அடுத்த அடி. ஆராய்ச்சியாளர்கள் வரிசைப்படுத்திச் சொன்னதில் ஒன்றும் இங்கே விடுபடவில்லை. கூடுதலாக முருகனும் இருந்தார். ‘பத்து வருசமாக் காலடியத்தான் கண்டிருக்கன் சேர், கரடியக் காணல்ல. இவ்வளவு சனம் கத்திக்கொண்டு வந்தா அதுதானே எங்களுக்குப் பயப்பிட வேணும்’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பல்லாயிரம் பேர் இரண்டு வாரம் கத்திக்கொண்டு போகும் காட்டில், பாலைப்பழத்துக்கு வந்த கரடி என்ன செய்யும்? குட்டியை ஏற்றிக்கொண்டு உள்ளே இன்னும் உள்ளே போகும். நம் எளிய நடை அதற்கு எளிதாக இராது.

இதற்கிடையில் வகுப்பில் அகநானூற்றின் எட்டாம் பாட்டு வந்தது. பெருங்குன்றூர் கிழார் பாடியது. அதில் கரடியின் பெயர்கூட இல்லை. புற்றாஞ்சோற்றை உணவாகக் கொண்ட, பெரிய கையை உடைய ஆண் என்று மட்டும் இருக்கும். தோலுறைக்குள்ளிருந்து நீளும் அதன் நகம் புற்றைப் பற்றும்போது உள்ளே கிடக்கும் பாம்பு வலிமை அழிகிறது. அப்படிப்பட்ட நள்ளிரவு. ‘ஆறு பார்த்துற்ற அச்சம்’, வழியின் கொடுமையை எண்ணி அஞ்சுவது என்று ஆண்டுதோறும் சொல்லும் விளக்கத்தையே இந்தப் பாட்டுக்கும் சொல்லத் தொடங்கினேன். முன் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, அவள் அஞ்சவில்லையே. இந்த இரவெல்லாம் அரிதில்லை என்றுதானே சொல்கிறாள்?’ என்றாள்.

புத்தகத்தைப் பார்த்தேன். உண்மைதான். இந்த நள்ளிரவும் எனக்கு அரிதில்லை தோழி என்கிறாள். மின்னல் வெட்டும் ஒளியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, நனைந்த கூந்தலைப் பிழிந்துவிட்டுக்கொண்டு அந்த வழியில் நடந்துவிடலாம். ‘இந்தக் காட்டு வழி உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்பவர் ஒருவர் இருந்தால் போதும் என்கிறாள். எத்தனை ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன்! கேட்பார் இல்லை என்பதுதான் அவள் குறை; கரடி அன்று. அந்த மாணவியிடம் நீ சொல்வதுதான் சரி என்று சொன்னேன். மணி அடித்துவிட்டதால் தப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கூடத்தில் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அது விசாரணைக்கான இருக்கை. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் யாலக் காட்டுக் கரடியைப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

‘ஏன் தம்பி, கரடி இல்லேன்னு சொன்னியே. அந்தப் பய காட்டுறான், புள்ளைய முதுகுல வச்சிக்கிட்டு ஒய்யாரமாப் போகுது.’

நான் மலைபடுகடாம் தொடங்கி அரோகராவரை எல்லாவற்றையும் சொன்னேன். பாலைப்பழத்தையும் சொன்னேன். பாதியில் அவள் முகத்தில் பயம் இல்லை. ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

‘புள்ளைக்காரி எங்கயும் பொல்லாதவதான். அது மேல குத்தமில்லை. வந்துட்டா என்ன பண்ணுவே?’

‘குப்புறப் படுத்து, பிடரியைக் கையால மூடிக்கணும்மா.’

‘படுத்துக் காட்டு.’

அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், கல்லூரிக்குப் போய்வந்த சட்டையோடு, குப்புறப் படுத்து விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்துக்கொண்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேல் அம்மாவின் நாற்காலி நகர்ந்தது. ஊன்றுகோலின் நுனி என் கழுத்தில் ஓரிடத்தைத் தொட்டது.

‘இங்க தெரியுது. கைய இன்னும் ஏத்து.’

ஏற்றினேன்.

‘முழங்கைய ஒட்டி வை. மூஞ்சி?’

‘தரையிலதான்மா இருக்கு.’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கோல் அந்த இடத்திலேயே இருந்தது. ‘சரி, எந்திரி’ என்றாள். நான் எழுந்தபோது சாமி மாடத்திலிருந்த மஞ்சள் முடிப்பு அவள் மடியில் இருந்தது. எப்போது எடுத்தாளோ. அதை என் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

இரவு விளக்கை அணைக்கப் போனபோது கூப்பிட்டாள்.

‘நீ ராத்திரி ரெண்டு தரம் எந்திரிப்பியே. இருட்டுல ஒதுங்கப் போறப்ப யாரு கூட வருவா?’

என் குறிப்பேட்டில் தண்ணீர், மருந்து, செருப்பு, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் என்று பதினேழு இனங்கள் இருந்தன. இது இல்லை. பதினெட்டாவதாக எழுதிக்கொண்டு, விடிந்ததும் திருக்கோவிலுக்குத் தொலைபேசினேன். ஆசிரியர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

‘எனக்கும் ரெண்டு தரம் எழும்ப வேணும் சேர். சேர்ந்தே போவம்’ என்றார்.